ஸ்மார்ட் டிவியா, வணிகத் திரையா? கோலாலம்பூர், பினாங்கு கடைகளுக்கும் வீடுகளுக்கும் முழுமையான வழிகாட்டி

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகத்தில் விலைப்பட்டியல் ஓடும் திரை, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் நகைக்கடையின் தங்க விலைப் பலகை, கடைவீட்டு மாடியில் டியூஷன் ஆசிரியர் பாடம் காட்டும் திரை, கோயில் மண்டபத்தில் கருவறைப் பூசையைப் பின்வரிசைக்குக் காட்டும் திரை. இந்த இடங்களில் பெரும்பாலும் தொங்குவது வீட்டு வரவேற்பறைக்காகச் செய்த ஸ்மார்ட் டிவிதான். விலை குறைவு, மாலுக்குப் போனால் அன்றே கையோடு கொண்டுவரலாம் என்பதால் வாங்குகிறார்கள். பாதித் திரை இருண்ட பிறகுதான், உத்தரவாதம் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்ற வரி கண்ணில் படுகிறது.

வணிகத் திரை, அதாவது கடை, பொது இடங்களில் நாள் முழுதும் ஓடுவதற்கென்றே செய்த திரை, அதே அளவுள்ள வீட்டு டிவியைவிடப் பொதுவாக ஒன்றரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை விலை கூடியது. அந்தக் கூடுதல் பணம் படத்தின் அழகுக்குப் போவதில்லை. நாள் முழுதும் ஓடத் தாங்கும் பின்னொளி, வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் கட்டமைப்பு, மின்சாரம் போய் வந்தால் யாரும் தொடாமல் தானே எழும் வசதி ஆகியவற்றுக்குப் போகிறது. இவை தேவைப்படாதவர் அதை வாங்கவே வேண்டாம். தேவைப்படுபவர் மலிவாக டிவி வாங்கினால், சில வருடங்களில் இரண்டாவது டிவியும் வாங்க வேண்டிவரும்.

## சந்தையில் உள்ள வகைகள்

நேரடிப் போட்டி டிவிக்கும் வணிகத் திரைக்கும் மட்டுமல்ல. இடையில் வேறு சிலவும் உண்டு.

முதலாவது, அறிவிப்புப் பலகைக்கென்றே செய்யப்படும் வணிகத் திரை. சாம்சுங், எல்ஜி, சோனி, பிலிப்ஸ், வியூசோனிக் போன்றவை செய்கின்றன. பெரும்பாலானவற்றில் ஆன்டெனா வழியே வரும் சேனலைப் பிடிக்கும் டியூனர் கிடையாது. "ஸ்மார்ட் வேண்டாம்" என்று தேடி வருபவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இவற்றுக்குள்ளும் டைசன், வெப்ஓஎஸ், ஆண்ட்ராய்டு போன்ற ஏதாவது ஒரு இயங்குதளம் இருக்கும். ஆனால் அது விளம்பர முகப்புப் பக்கம் காட்டுவதற்காக இல்லை, உங்கள் அறிவிப்பை ஓட்டுவதற்காக இருக்கிறது. இணையமே தராமல் வெறும் எச்டிஎம்ஐ திரையாகவும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஹோட்டல் டிவி. டியூனரும் ஒலிபெருக்கியும் இருக்கும். ஒலி அளவுக்கு உச்சவரம்பு வைக்கலாம், ரிமோட் மெனுவைப் பூட்டலாம், தொடங்கும்போது எந்த உள்ளீட்டில் நிற்க வேண்டும் என்றும் கட்டளையிடலாம். கிளினிக் காத்திருப்பு அறைக்கும் சிறிய உணவகத்துக்கும் இது பல நேரம் சரியான தேர்வு. கடைக்காரர்கள் அதிகம் சொல்லாத தேர்வும் இதுதான்.

மூன்றாவது, வகுப்பறைக்கான தொடுதிரைப் பலகை. 65, 75, 86 அங்குலங்களில் வரும். முன்னால் தடித்த கண்ணாடி இருப்பதால் பிரதிபலிப்பு அதிகம். 86 அங்குலப் பலகை 60 கிலோவைத் தாண்டக்கூடும். எழுதிக் காட்டத் தேவையில்லை என்றால் இதற்குப் பணம் கட்டாதீர்கள்.

நான்காவது, 43 அங்குலம் வரையிலான பெரிய கணினி மானிட்டர். ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நல்லது. சுவரில் மாட்டி ஊருக்குக் காட்ட அல்ல.

## படி 1: எத்தனை மணி நேரம், என்ன ஓடும்

விலைக்குறிப்பைப் பார்க்கும் முன் இரண்டு எண்களைத் தாளில் எழுதுங்கள்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எரியும், வாரத்தில் எத்தனை நாள். வணிகத் திரையின் விவரத்தாளில் 16/7 அல்லது 24/7 என்று இருக்கும். 16/7 என்றால் நாளுக்கு 16 மணி நேரம், வாரம் ஏழு நாளும். மீதி எட்டு மணி நேரம் அணைந்து ஆற வேண்டும். இருபத்து நான்கு மணி நேர மாமாக் கடைக்கு 16/7 திரை வாங்குவது தவறு. காலை ஏழிலிருந்து இரவு பத்து வரை திறந்திருக்கும் கடைக்கு 24/7 வாங்குவது வீண் செலவு.

வீட்டு டிவி ஏன் கடையில் சாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகும். எல்சிடி டிவியின் பின்னொளி எல்இடிகள் பட்டைகளாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் இருக்கும். மாலில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக 'விவிட்' அமைப்பில் பின்னொளியை நூறு சதவீதத்தில் வைத்திருப்பார்கள். அதை அப்படியே கடைச் சுவரில் மாட்டி நாளுக்குப் பதினாறு மணி நேரம் எரித்தால் எல்இடி சூடாகிறது. ஒரே ஒரு எல்இடி அறுந்தாலும் அந்தத் தொடர் முழுதும் அணையும். சில டிவிகளில் எல்இடிமேல் ஒட்டியிருக்கும் சிறு லென்ஸ் பசை விட்டு உதிர்ந்து, திரையில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

நிலையான படம் இன்னொரு பிரச்சினை. தங்க விலைப் பலகையில் கடையின் சின்னம் ஒரே மூலையில் நாள் முழுதும் நின்றால், எல்சிடியிலும் அதன் நிழல் தங்கும். பெரும்பாலும் சில மணி நேரத்தில் கலையும், சூடான இடத்தில் கலையாமலும் போகும். பின்னொளி இல்லாமல் பிக்சல்களே ஒளிரும் ஓஎல்இடி திரையில் அது நிரந்தரத் தழும்பு. விலைப்பட்டியலுக்கு ஓஎல்இடி வேண்டவே வேண்டாம், யார் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும்.

செங்குத்தாக மாட்டப் போகிறீர்களா? அப்படியென்றால் வீட்டு டிவி பட்டியலிலிருந்து வெளியே. அதன் காற்றோட்டம் படுக்கைவாட்டில் நிற்பதற்காக அமைந்தது. திருப்பி நிறுத்தினால் வெப்பம் ஒரு பக்கம் தேங்கும், உள்ளே ஒளி பரப்பும் தாள்கள் நெளியும். உத்தரவாதமும் பொதுவாகச் செல்லாது.

## படி 2: அளவு, தூரம், தமிழ் எழுத்து

16:9 திரைகளின் நிஜ அளவு இது: 43 அங்குலம் ஏறக்குறைய 95 செ.மீ. அகலம், 54 செ.மீ. உயரம், 55 அங்குலம் 122க்கு 68, 65 அங்குலம் 144க்கு 81, 75 அங்குலம் 166க்கு 93, 86 அங்குலம் 190க்கு 107. சட்டம் இதில் சேராது. சுவரில் செய்தித்தாளை இந்த அளவில் ஒட்டி இரண்டு நாள் பாருங்கள்.

படம் பார்ப்பதற்கு, அகலத்தை 1.4 முதல் 1.9 வரை பெருக்கினால் வருவது வசதியான தூரம். 65 அங்குலத்துக்கு அது சுமார் 2 முதல் 2.7 மீட்டர். கொண்டோ வரவேற்பறையில் சோபாவுக்கும் சுவருக்கும் இடையே மூன்று மீட்டர் இருந்தால் 75 போதும்.

எழுத்துக்குக் கணக்கு வேறு. பார்ப்பவர் நிற்கும் தூரத்தை 150ஆல் வகுத்தால் வருவதுதான் எழுத்தின் குறைந்தபட்ச உயரம். மூன்று மீட்டருக்கு 2 செ.மீ. தமிழில் இந்த 2 செ.மீ. 'க' என்ற எழுத்தின் உடல் மட்டும்; மேலே இகரச் சுழியும் புள்ளியும், கீழே உகர வாலும் கூடுதல் இடம் கேட்கும். ஆங்கில வடிவமைப்பில் தமிழை அப்படியே ஊற்றும்போது வரிகள் ஒன்றோடொன்று முட்டுவது இதனால்தான்.

55 அங்குலத் திரையில் முழு எச்டி படம் ஓட்டினால் ஒரு பிக்சல் சுமார் 0.63 மி.மீ. எனவே 2 செ.மீ. உடலுக்கு 32 பிக்சல் வேண்டும். அதற்கு எழுத்துருவின் அளவைக் கிட்டத்தட்ட 55 முதல் 60 பிக்சல் வைக்க வேண்டியிருக்கும். வரி இடைவெளி ஒன்றரை மடங்கு என்றால் ஒரு வரிக்கு 90 பிக்சல், அதாவது திரையில் 12 வரி. ஆறு மீட்டர் தூரத்திலிருந்து படிக்க வேண்டுமானால் 6 வரி மட்டுமே. நாற்பது வகை உணவை ஒரே திரையில் அடைக்க நினைக்கும் உணவகம் இந்தக் கணக்கைப் போட்டபின் இரண்டு திரை வாங்கும், அல்லது பட்டியலைச் சுருக்கும். இரண்டுமே நல்ல முடிவுதான்.

4கே வாங்கினால் எழுத்தின் விளிம்பு கூர்மையாகும். ஆனால் தூரத்திலிருந்து படிக்க வைப்பது எழுத்தின் அளவுதான், பிக்சல் எண்ணிக்கை அல்ல.

## படி 3: வெளிச்சம்

திரையின் ஒளியை அளக்கும் அலகு நிட். டிவி பெட்டியில் 1000 நிட் என்று போட்டிருக்கும், வணிகத் திரையில் 500 நிட்தான். இதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டிவியின் எண், திரையின் சிறு பகுதியில் சிறிது நேரம் எட்டும் உச்சம். வணிகத் திரையின் எண், முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும்போதும் நாள் முழுதும் கிடைக்க வேண்டிய ஒளி.

குளிரூட்டிய உள்ளறைக்கு 350 நிட் போதும். முன்பக்கம் முழுதும் திறந்த உணவகம், அஞ்சடியை (கடைவீட்டு முன் நடைபாதையை) ஒட்டிய கடை என்றால் 500 முதல் 700. கண்ணாடிச் சன்னலுக்குள் தெருவைப் பார்த்து வைக்கும் திரைக்கு 2500 நிட்டும் அதற்கு மேலும் தேவை. அது தனி இனம், விலையும் தனி. மேற்கு பார்த்த கடையில் மாலை வெயில் நேராகத் திரைமேல் விழுந்தால், திரவப் படிகம் சூடாகித் தன் ஒழுங்கை இழந்து, வெயில் பட்ட இடம் மட்டும் கறுப்புத் திட்டாக மாறும். சாதாரணப் பேனலில் படிகம் சுமார் 80 டிகிரி செல்சியஸில் இப்படி ஆகும். வெளிப்புறத்துக்கானவை 110 டிகிரி வரை தாங்கும். குளிர்ந்தால் திட்டு மறையும், ஆனால் தினமும் நடந்தால் பேனல் நெடுநாள் உழைக்காது.

பளபளப்பைத் தடுக்கும் 'ஹேஸ்' சதவீதத்தையும் விவரத்தாளில் பாருங்கள். எதிரே குழல்விளக்கோ சன்னலோ இருந்தால் 25 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள திரை நிம்மதி தரும்.

தெருவை நோக்கி விளம்பரம் ஓட்டப்போகிறீர்கள் என்றால், வாங்கும் முன்பே டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகர் மன்றம்) அல்லது பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தில் விளம்பர உரிமம் பற்றிக் கேட்டுவிடுங்கள். ஜார்ஜ்டவுனின் மரபுடைமைப் பகுதி 2008 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அங்கே கடைவீட்டு முகப்பில் மன்றத்தைக் கேட்காமல் எதையும் மாட்டக் கூடாது.

## படி 4: பெட்டியில் இல்லாதவை

வீட்டுக்கு வணிகத் திரை வாங்கி ஏமாறுபவர்கள் எல்லாரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

டியூனர் இல்லை. மலேசியாவில் அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் இறுதியோடு நின்றுவிட்டது. ஆர்டிஎம், டிவி3 பார்க்க டிவிபி-டி2 டிகோடரும் யூஎச்எஃப் ஆன்டெனாவும் தனியாக வேண்டும். ஆஸ்ட்ரோவில் வானவில், விண்மீன் பார்க்கும் வீட்டுக்கு இது பிரச்சினை இல்லை. அதன் பெட்டி எச்டிஎம்ஐ வழியே நேராக ஓடும்.

ஒலி குறைவு. உள்ளே 10 வாட் ஒலிபெருக்கி இரண்டு இருந்தால் அதிர்ஷ்டம். சிலவற்றில் ஒன்றுமே இருக்காது. பெரிய சிக்கல் சவுண்ட்பார். அது நம்பியிருக்கும் ஏஆர்சி (திரையின் ஒலியை எச்டிஎம்ஐ வழியே சவுண்ட்பாருக்குத் திருப்பி அனுப்பும்) இணைப்பு பல வணிகத் திரைகளில் கிடையாது, ஆப்டிகல் வெளியீடும் பெரும்பாலும் கிடையாது. 3.5 மி.மீ. வெளியீடு மட்டும் இருக்கும். எனவே எச்டிஎம்ஐ உள்ளீடும் வெளியீடும் உள்ள சவுண்ட்பார் வாங்கி, ஆஸ்ட்ரோ போன்ற பெட்டியிலிருந்து சவுண்ட்பாருக்கும் அங்கிருந்து திரைக்கும் இணைக்க வேண்டும்.

கறுப்பு, கறுப்பாக இருக்காது. பல வணிகத் திரைகள் ஐபிஎஸ் என்ற எல்சிடி வகைப் பேனல், வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி வேறுபாடு சுமார் 1200க்கு 1. விஏ என்ற இன்னொரு எல்சிடி வகைப் பேனல் உள்ள நல்ல டிவியில் இது 4000க்கு மேல். இரவுக் காட்சி நிறைந்த படத்தை விளக்கணைத்துப் பார்க்கும்போது வணிகத் திரையில் எல்லாம் சாம்பல் பூத்துத் தெரியும். ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் சமிக்ஞையை ஏற்கும், ஆனால் பகுதி பகுதியாகப் பின்னொளியைக் குறைக்கும் வசதி பெரும்பாலும் இல்லாததால் பலன் தெரியாது. எச்டிஆரின் ஒரு வகையான டால்பி விஷனையும் எதிர்பார்க்க வேண்டாம். சினிமாதான் உங்கள் முதல் தேவை என்றால் வணிகத் திரை வாங்காதீர்கள். அடுத்து வரும் பகுதியைப் படியுங்கள்.

மேசைக் காலும் தனி விலை.

## வேவு பார்க்காத டிவிதான் வேண்டும் என்பவருக்கு

ஸ்மார்ட் டிவிமேல் வரும் கோபம் நியாயமானது. திரையில் ஓடும் படத்தின் துணுக்குகளை எடுத்து, எந்த நிகழ்ச்சி என்று அடையாளம் கண்டு அனுப்பும் நுட்பம் பல டிவிகளில் இருக்கிறது. எச்டிஎம்ஐ வழியே வரும் படத்தைக்கூட அது பார்க்கும். 2017இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம், ஒரு கோடியே பத்து லட்சம் டிவிகளிலிருந்து அனுமதியில்லாமல் இப்படித் தகவல் திரட்டியதற்காக விசியோ நிறுவனத்தின்மேல் நடவடிக்கை எடுத்தது. 22 லட்சம் டாலரில் அது முடிந்தது.

இதற்கு மலிவான வழி ஒன்று உண்டு. நல்ல பேனல் உள்ள சாதாரண டிவியை வாங்கி, முதல் முறை இயக்கும்போது வைஃபை கடவுச்சொல்லைக் கொடுக்காமல் தாண்டிவிடுங்கள். விருப்பத் தேர்வாக வரும் 'பார்வைத் தகவல்', 'விருப்ப விளம்பரம்' எதற்கும் சம்மதிக்க வேண்டாம். இணையமில்லாத டிவியால் எதையும் அனுப்ப முடியாது. படம் பார்க்க ஒரு தனி ஸ்ட்ரீமிங் பெட்டியை எச்டிஎம்ஐயில் செருகுங்கள். மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் யூஎஸ்பி வழியாகச் செய்யலாம். வாங்கும் கடையிலேயே ஒன்றைச் சோதியுங்கள்: இணையம் தராமல் டிவி எச்டிஎம்ஐக்கு நேராகப் போகிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் முகப்புப் பக்கத்தில் நின்று 'இணையத்தோடு இணை' என்று கேட்கிறதா?

பெட்டி எது என்பதிலும் கவனம் வேண்டும். பெயர் தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகளில் தொழிற்சாலையிலிருந்தே தீங்குநிரல் ஏறி வந்தது 2023இல் வெளியானது. 'பேட்பாக்ஸ் 2.0' என்ற அதே வகை வலையமைப்பைப் பற்றி அமெரிக்காவின் எஃப்பிஐ 2025 ஜூனில் எச்சரித்தது. டிவியின் வேவுக்குப் பயந்து அந்தப் பெட்டியை வாங்கினால், பிரச்சினை பெரிதாகித்தான் திரும்பும். கட்டணச் சேனல்களை இலவசமாகத் தருவதாகச் சொல்லிப் பெட்டிகளை விற்பதோ மலேசியாவின் 2022 பதிப்புரிமைத் திருத்தச் சட்டத்தின்படி குற்றம்.

## படி 5: திரைக்கு உணவு எங்கிருந்து வரும்

ஒரே திரை, மாதம் ஒருமுறை மாறும் பட்டியல் என்றால் யூஎஸ்பி போதும். படங்களையும் காணொளியையும் சேர்த்து ஒரே எம்பி4 கோப்பாக, எச்.264 வடிவில் செய்யுங்கள். தனித்தனிக் கோப்பாக வைத்தால் ஒவ்வொன்றுக்கும் இடையில் திரை ஒரு நொடி கறுக்கும். எஃப்ஏடி32 வட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் வையுங்கள்; தமிழ்ப் பெயரைச் சில திரைகள் கட்டங்களாகக் காட்டும் அல்லது திறக்கவே திறக்காது.

தமிழ் எழுத்துக்கள் உடைவது இந்தத் தொழிலில் அன்றாடம் நடப்பது. திரையின் உள்ளேயே உள்ள பழைய மென்பொருள் 'கொ' என்பதைச் சரியாகச் சேர்க்காமல் ஒற்றைக்கொம்பை இடம் மாற்றிப் போடும், புள்ளியை அடுத்த எழுத்துமேல் வைக்கும். தெருவே பார்த்துச் சிரிக்கும் பலகை நமக்கு வேண்டாம். கணினியில் யூனிகோட் எழுத்துருவில், உதாரணமாக நோட்டோ சான்ஸ் தமிழில், வடிவமைத்துப் படமாக மாற்றித் திரைக்கு அனுப்புங்கள். எழுத்தாக அனுப்பினால்தானே உடையும்.

தினமும் மாறும் விலை, பல திரைகள் என்றால் சிறு கணினி ஒன்று வையுங்கள். இன்டெல் என்100 வகைச் சிறு கணினி இதற்குத் தாராளம். ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினியும் செய்யும், ஆனால் எஸ்டி கார்டில் ஓடும்போது திடீர் மின்வெட்டு கார்டைக் கெடுக்கும், எஸ்எஸ்டியில் ஓட்டுங்கள். கணினி முதலில் எழுந்து திரை பின்னால் எழுந்தால், திரையின் திறன் தெரியாமல் கணினி குறைந்த தெளிவில் படம் அனுப்பலாம், அல்லது ஒன்றும் அனுப்பாமல் நிற்கலாம். கேபிளின் நடுவே செருகி, திரையின் திறனை எப்போதும் கணினிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் சிறிய இடிஐடி எமுலேட்டர் இந்தத் தொல்லையைத் தீர்க்கும்.

கேபிள் விஷயம் எளிது. 4கே 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு எச்டிஎம்ஐ 2.0 துறை வேண்டும், 1.4 துறையில் 30 ஹெர்ட்ஸ்தான், மவுஸ் இழுபடும். செப்புக் கேபிள் 5 மீட்டருக்குள். அதற்கு மேல் ஒளியிழை எச்டிஎம்ஐ, அல்லது கேட்6 நெட்வொர்க் கேபிள் வழியே படத்தை அனுப்பும் எச்டிபேஸ்டி கருவி. ஒளியிழைக் கேபிளுக்குத் திசை உண்டு. தலைமாற்றி இழுத்துக் குழாய்க்குள் புதைத்துவிட்டால் மறுபடி பிரிக்க வேண்டும், ஆகவே புதைக்கும் முன் இரு முனையிலும் உள்ள குறியைப் படியுங்கள்.

கடையில் பந்தாட்டம் போட நினைப்பவர், வீட்டு ஆஸ்ட்ரோ சந்தாவைக் கடைக்குக் கொண்டுவரக் கூடாது. வணிக இடங்களுக்கான தனித் தொகுப்பு இருக்கிறது.

## படி 6: பணம் கட்டும் முன்

வணிகத் திரைகள் மால் அலமாரியில் அதிகம் இருக்காது. கோலாலம்பூரின் லோ யாட் பிளாசாவில் கணினியும் கேபிளும் கிடைக்கும். திரைக்கு விநியோகஸ்தரிடமோ ஒலி-ஒளி நிறுவனத்திடமோ கொட்டேஷன் கேட்க வேண்டும். குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள். கொட்டேஷனில் மாடலின் முழு எண்ணும், கடைசி எழுத்து வரை, இருக்க வேண்டும். ஒரே பெயரில் வெவ்வேறு வருடப் பேனல்கள் வரும். உத்தரவாதம் எத்தனை வருடம், ஆள் கடைக்கே வந்து பழுது பார்ப்பாரா, அல்லது நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பது எழுத்தில் வேண்டும். பினாங்கில் இருப்பவர், 'வந்து பார்ப்போம்' என்பது கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மட்டுமா, தீவுக்கும் செபராங் பிறைக்கும் சேர்த்தா என்று கட்டாயம் கேளுங்கள். 75 அங்குலத் திரையைப் பாலம் தாண்டிச் சுமப்பது சாதாரண வேலை அல்ல.

1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சொந்த, குடும்ப உபயோகத்துக்காக வாங்கும் பொருள்களை முன்வைத்து எழுதப்பட்டது. கம்பெனி பெயரில் கடைக்கு வாங்கும் திரைக்கு உங்கள் முதல் பாதுகாப்பு அந்த உத்தரவாதத் தாள்தான்.

திரை கண்ணெதிரே ஓடும்போது இவற்றைச் செய்து பாருங்கள்:

1. உங்கள் யூஎஸ்பியில் முழு வெள்ளை, முழுக் கறுப்பு, நடுத்தரச் சாம்பல், உங்கள் நிஜத் தமிழ்ப் பட்டியல் ஆகிய நான்கு படங்கள் இருக்கட்டும். சாம்பலில் கறை போன்ற திட்டுகளும், வெள்ளையில் மஞ்சள் ஓரமும், கறுப்பில் மூலை வெளிச்சமும் தெரியும்.
2. மடிக்கணினியை எச்டிஎம்ஐயில் இணைத்து, கறுப்புப் பின்னணியில் சிறிய சிவப்பு எழுத்துகளை எழுதிப் பாருங்கள். விளிம்பு மங்கினால் 4:4:4 நிறத்தெளிவு, அதாவது ஒவ்வொரு பிக்சலுக்கும் முழு நிறத் தகவல், இல்லை.
3. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவர் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். ரிமோட்டைத் தொடாமல் அதே உள்ளீட்டில் படம் திரும்ப வேண்டும். கடைக்கு வாங்கும் திரையில் இந்த ஒரு சோதனையில் தோற்றால் மற்ற எதையும் பார்க்க வேண்டாம்.
4. பக்கவாட்டில் நின்று எழுத்து வெளிறுகிறதா என்று பாருங்கள். மண்டபத்தில் பாதிக் கூட்டம் பக்கத்தில்தான் உட்காரும்.

பழைய திரை மலிவாகக் கிடைத்தால், சேவை மெனுவில் ஓடிய மணி நேரத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். 24 மணி நேரம் ஓடிய திரை ஒரே வருடத்தில் 8,760 மணி நேரம் கடந்திருக்கும். வெளியே கீறலே இல்லாமல் புதிதுபோல இருந்தாலும் பின்னொளி தேய்ந்திருக்கும்.

## படி 7: சுவர், மின்சாரம், ஈரம்

திரையின் எடையைப்போல் இரு மடங்காவது தாங்கும் பிராக்கெட் வாங்குங்கள். திருகு எம்6ஆ எம்8ஆ, நீளம் எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். நீளமான திருகு உள்ளே போய்ப் பலகையைத் துளைத்த திரைகள் உண்டு. செங்கல், கான்கிரீட் சுவருக்கு 10 மி.மீ. விரியும் ஆணி போதும். இலகுக் கல் சுவருக்கு வேதிப் பசை ஆணி. ஜிப்சம் தடுப்பென்றால் உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தோடு 18 மி.மீ. பிளைவுட் பலகையைப் பிணைத்து அதன்மேல் மாட்ட வேண்டும். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் சுண்ணாம்புப் பூச்சு பல இடங்களில் கையால் தட்டினாலே உதிரும். பூச்சைத் தாண்டிக் கல்லில் பிடிக்கும் வரை துளையுங்கள்; கல்லும் மென்மையாக இருந்தால் பசை ஆணிதான், அல்லது தரையிலிருந்து எழும் இரும்புச் சட்டம்.

மேலேயும் பக்கங்களிலும் 10 செ.மீ. காற்றிடம் விடுங்கள். பெரும்பாலான திரைகளுக்கு 40 டிகிரி வரைதான் அனுமதி. தோசைக்கல்லுக்கு மேலே மாட்டினால் வெப்பமும் எண்ணெய்ப் புகையும் சேர்ந்து காற்றுத் துளைகளைப் பிசுக்காக்கி அடைக்கும். வேறு இடமே இல்லாவிட்டால் ஐபி5எக்ஸ் தூசித் தடுப்பு மதிப்பீடு உள்ள மாடலைத் தேடுங்கள். பினாங்கில் கடலோரக் கடைகளுக்கு உப்புக் காற்று கூடுதல் எதிரி. மின்பலகைக்குப் பாதுகாப்புப் பூச்சு உள்ளதா என்று விநியோகஸ்தரிடம் கேட்பது வீண் போகாது. பல்லியும் அப்படியே. சூடான மின்வழங்கிப் பலகைமேல் பல்லி ஊர்ந்து இரு முனையைத் தொட்டால் பலகை எரியும். கேபிள் நுழையும் பெரிய ஓட்டைகளை நுண்வலையால் மூடுங்கள். காற்றுத் துளைகளை மட்டும் மூடாதீர்கள்.

இடி, மின்னல் நம் ஊரில் வாராவாரம் உண்டு. மின்பெட்டியில் திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் எழுச்சித் தடுப்பான், திரைக்குத் தனியாக ஒன்று, ஆன்டெனாவும் நெட்வொர்க் கேபிளும் வரும் வழிக்கு ஒன்று. இந்த மூன்றாவதைத்தான் மறக்கிறார்கள். மின்சார வழியை மட்டும் பாதுகாத்துவிட்டு, கேபிள் வழியே வந்த மின்னலுக்குத் திரையைக் கொடுக்கிறார்கள். புதிய 13 ஆம்பியர் சாக்கெட்டை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் போடட்டும். பிளக் பிராக்கெட்டில் முட்டாதபடி ஒதுக்கிப் போடச் சொல்லுங்கள்.

மின்கட்டணம் பற்றிய பயத்தைக் கணக்கு போட்டே தீர்த்துக்கொள்ளலாம். 150 வாட் திரை நாளுக்கு 16 மணி நேரம், மாதம் 30 நாள் ஓடினால் 72 யூனிட். தெனாகா நேஷனல் பில்லில் உங்கள் யூனிட் விலையால் பெருக்குங்கள்.

## படி 8: முதல் ஒரு மணி நேரத்தில் மாற்ற வேண்டியவை

மொழியும் நேரமும் வைத்ததும் பின்னொளியை 60 முதல் 70 சதவீதத்துக்குக் குறையுங்கள். பகலிலும் கண்ணுக்குப் போதும், ஆயுள் கூடும். 'மின்சாரம் வந்ததும் இயங்கு' என்பதை இயக்குங்கள். சமிக்ஞை இல்லாவிட்டால் தூங்கு, நான்கு மணி நேரத்தில் அணை போன்றவற்றை நிறுத்துங்கள். எச்டிஎம்ஐ போனால் யூஎஸ்பிக்குத் தாவும் மாற்று உள்ளீட்டை அமையுங்கள். கணினி செத்தாலும் பட்டியல் நிற்காது. ரிமோட்டையும் பொத்தானையும் பூட்டுங்கள். நிழல் தங்காமலிருக்கப் படத்தைச் சற்றே நகர்த்தும் பிக்சல் நகர்வை இயக்குங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் ஓவர்ஸ்கேனை அணையுங்கள். கடவுச்சொல்லைத் தொழிற்சாலை எண்ணிலேயே விடாதீர்கள்.

காலை, இரவு நேர அட்டவணை வைத்தால், இரவில் சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். இணையமில்லாத திரை மின்சாரம் போனால் நேரத்தை மறக்கக்கூடும். பிறகு அட்டவணை தப்பி நள்ளிரவில் எரியும்.

எல்லா அமைப்புப் பக்கங்களையும் கைப்பேசியில் படமெடுத்து, மாடல் எண், வரிசை எண், வாங்கிய தேதி ஆகியவற்றோடு கடைக் கணினியில் வையுங்கள். மாதம் ஒருமுறை திரையை அணைத்து ஆறவிட்டு, ஈரம் அதிகமில்லாத மென்துணியால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் மேற்பூச்சை அரிக்கும், அதைத் திரைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பின்பக்கத் துளைகளைத் தூரிகையால் தட்டி எடுங்கள், சமையலறையை ஒட்டிய திரைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.